சவுக்கு விதையை முளைக்க வைத்தலும் இளநாற்றுப் பராமரிப்பும்

திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் வரையிலுள்ள மணற்பாங்கான பூமியிலும், விழுப்புரத்தைச் சுற்றிய செம்மண் மேட்டு நிலங்களிலும் சவுக்கு நெடுங்காலமாகச் சாகுபடியாகி வருகிறது. ஒரு காலத்தில் ரயில் எஞ்சின்களுக்கு விறகாகச் சென்ற இம்மரம், இக்காலத்தில் காகித ஆலைகளுக்கும் கட்டடச் சாரங்களுக்கும் பெரிதும் செல்லுகிறது. நட்டபின் மரத்தை வெட்ட 3 முதல் 5 ஆண்டுகள் செல்லும். ஆகவே நெல் நாற்றில் நேரும் குறை ஒரு போகத்தோடு தீர்வதுபோல், சவுக்கு நாற்றில் நேரும் குறை தீர்வதில்லை. இதனை அறிந்திருந்தும், நிலத்தை நான்கு சால் உழும் குடியானவர்களிற் பலர் விதையின் வயதை விசாரிப்பதில்லை.

சவுக்கு விதை மிகச் சிறியது, மெல்லிய இறகுடையது. ஒரு கிலோவில் சுமார் 7 லட்சம் விதைகள் இருக்கும். காய்கள் பச்சை மாறிப் பழுப்பேறும் தருணத்தில், அவை வெடிப்பதற்கு முன்பே பறிக்கவேண்டும். பறித்த காய்களை வெயிலிற் பரப்பி மெல்லிய துணியால் மூடிவைத்தால், இரண்டு மூன்று தினங்களில் விதை உதிரும். துணியில்லாவிடில் காற்று கொண்டுபோய்விடும். சாதாரண அறையில் வைத்த விதை சில மாதங்களிலேயே முளைப்புத் திறனை இழக்கும். நன்கு உலர்த்திக் காற்றுப் புகாத பாத்திரத்தில் அடைத்துக் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் அதிக காலம் தாங்கும்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்த்தல் நலம். மீட்டருக்கு ஒரு மரமாக நட்டால் ஏக்கருக்கு 4,000 நாற்றுகள் வேண்டும். முளைத்தவற்றில் மூன்றிலொரு பங்கு கழிந்துபோகுமென்று கொண்டால், 6,000 முளைகள் தேவை. விதை நூற்றுக்கு 40 முளைப்பதாயின் 15,000 விதைகள், அதாவது 20 முதல் 25 கிராம், போதுமானது. அதே விதை பழையதாகி நூற்றுக்கு 10 வீதமே முளைக்குமாயின் 85 கிராமுக்கு மேல் வேண்டும். ஆதலால் விதைக்குமுன் 100 விதைகளை எண்ணி, ஈரத்துணியில் வைத்து, நிழலில் பத்து நாள் பார்த்துவிடுவது உத்தமம். இதற்கு யாதொரு செலவுமில்லை.

விதைப்புக்கு ஆனி, ஆடி மாதங்கள் ஏற்றவை. அப்போது விதைத்தால் வடகிழக்குப் பருவமழையில் நாற்று நடவுக்குத் தயாராகும். ஆடிக் காற்றும் நேர்வெயிலும் இளம் முளைக்கு ஆகாவாகையால், தென்னங்கீற்றுப் பந்தலுக்குள் அல்லது நிழல்வலைக் குடிலுக்குள் தாய்ப்பாத்தி அமைக்கவேண்டும். பாத்தியின் அகலம் ஒரு மீட்டருக்கு மிகாதிருந்தால், இரு பக்கமும் நின்று கையெட்டிக் களை எடுக்கலாம். மணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய எரு ஒரு பங்கு சேர்த்துச் சலித்து, தரைக்கு மேல் அரை அடி உயர்த்துக. விதையை மணலோடு கலந்து சீராகத் தூவி, விதை மறையுமளவே மேல்மணல் இட்டு, வைக்கோலைப் பரப்பிப் பூவாளியால் நீர் தெளிக்கவேண்டும்.

முதற் சத்துரு எறும்பு. விதைத்த இரவிலேயே அது பாதி விதையைச் சுமந்து செல்வதுண்டு. முளைப்பு குன்றியதற்கு விதை விற்றவன்மேல் பழி விழும். பாத்தியைச் சுற்றி வேப்பம் பிண்ணாக்குத் தூளும் சாம்பலும் தூவி, முளை காணும்வரை காலை மாலை பார்வையிட வேண்டும்.

ஒரு வாரம் முதல் பத்து நாளில் முளை காணும். கண்ட அன்றே வைக்கோலை நீக்கவேண்டும். தாமதித்தால் முளைகள் வெளுத்து நெட்டையாகிச் சாயும். மரக்காணம் பக்கத்தில் உப்பு நீரை முதிர்ந்த சவுக்கு ஓரளவு பொறுக்கும், இளமுளை பொறாது. ஆகவே, தூரமாயினும் நல்ல தண்ணீரையே கொண்டுவந்து தெளிக்கவேண்டும்.

நாற்றங்காலில் பெருஞ்சேதம் நாற்றழுகலால் உண்டாவது. மண்ணிலுள்ள பூஞ்சணங்கள் தண்டின் அடியைத் தாக்க, நேற்று பசுமையாய் நின்ற முளைகள் இன்று வட்டம் வட்டமாய்ச் சாய்ந்துகிடக்கும். நெருக்கமான விதைப்பு, மக்காத எரு, மாலையில் அளவுக்கு மீறிய நீர் ஆகிய மூன்றுமே இதற்கு இடங்கொடுப்பவை. நோய் கண்டவுடன் மேலும் நீர் ஊற்றுவது பலருடைய வழக்கம்; அது நோயை வளர்க்கும். சாய்ந்தவற்றை மண்ணோடு அகற்றி, நீரைக் குறைத்து, பந்தலைச் சிறிது திறந்து காற்றோட்டம் தரவேண்டும். எருவோடு டிரைக்கோடெர்மா நுண்ணுயிரை முன்கூட்டியே கலந்துவைத்தல் நற்காப்பு.

நான்கு முதல் ஆறு வாரங்களில், நாற்று மூன்று நான்கு அங்குலம் வளர்ந்ததும், பைகளுக்கோ குழித்தட்டுகளுக்கோ மாற்றவேண்டும். ஆணிவேர் மடியாமல் வைப்பது முக்கியம். மடிந்த வேர் மூன்றாம் ஆண்டுப் புயலில் தன்னைக் காட்டும்.

மாற்றும் சமயத்தில் வேர் முடிச்சுகளையும் கவனிக்கவேண்டும். கடலைக்கு ரைசோபியம் போலச் சவுக்குக்குப் பிராங்கியா என்னும் நுண்ணுயிர், காற்றிலுள்ள தழைச்சத்தை வேரில் சேர்த்துத் தருகிறது. ஆரோக்கியமான மரத்தின் வேர் முடிச்சுகளைக் கழுவி நசுக்கி நீரிற் கரைத்து ஊற்றினால் போதும். வாடல் நோய் கண்ட தோப்பிலிருந்து முடிச்சோ மண்ணோ எடுக்கலாகாது.

கோயமுத்தூரிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் வெளியிட்ட கலப்பினச் சவுக்குகள் விதையால் பெருக்கப்படுவனவல்ல. இளந்தளிர்த் துண்டுகளை வேரூக்கி தோய்த்து, ஈரப்பதம் நிறைந்த மூடிய குடிலில் மூன்று நான்கு வாரம் வைத்து வேர்விடச் செய்கிறார்கள். அம்மரங்களின் விதையைச் சேகரித்து விதைத்தால் தாயின் குணம் சீராக வராது. அப்படிப்பட்ட நாற்றைக் கலப்பினமென்று சொல்லி விற்போரிடம் எச்சரிக்கை தேவை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அத்தகைய மழைக்கு எந்தப் பாத்தியும் முழுதும் தாங்காது. எனினும் மேட்டில் அமைந்து வடிகாலுடன் கூடிய நாற்றங்கால் விரைவில் வடியும். கிராம உத்தியோகஸ்தர்கள் சவுக்கு நட்ட பரப்பையும் வருஷத்தையும் அடங்கலில் உரிய காலத்தில் பதிந்துவைத்தால், சேதக் கணக்கெடுப்பின்போது தகராறு குறையும்.

நடவுக்கு இரண்டு வாரம் முன்பிருந்து பந்தலைப் படிப்படியாய் நீக்கி, நீரையும் குறைத்து, நாற்றை வெயிலுக்குப் பழக்கவேண்டும். ஓரடி உயரமும், பழுப்பேறிய உறுதியான தண்டும் உடையவற்றைப் பொறுக்கி நட்டு, மற்றவற்றைக் கழித்துவிடுக.