இராமானுஜன் தாள்களைத் தேடிச் செல்வோர்க்கு

கேள்வி: கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிலுள்ள, கணிதமேதை இராமானுஜனின் கையெழுத்துத் தாள்களை ஆய்வுக்காகப் பார்வையிட எவ்வாறு திட்டமிட வேண்டும்?

பதில்: 1976இல் கணிதவியலர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த, ‘தொலைந்த நோட்டுப் புத்தகம்’ என வழங்கப்பெறும் தாள்கள் அக்கல்லூரியின் ரென் நூலகத்தில் உள்ளன. 1988இல் வெளிவந்த அவற்றின் நிழற்படப் பதிப்பை முதலில் ஊன்றிப் படித்து, மையின் வேறுபாடு, அடித்தெழுதிய வரி, தாளின் மறுபக்கம் என மூலத்தைக் கண்டால் மட்டுமே தெளியக்கூடிய ஐயங்களைப் பக்க எண்ணுடன் குறித்துக்கொள்வதே முதன்மையான ஆயத்தமாகும்; இதைச் செய்யாமல் செல்வோர், வீட்டிலேயே படித்திருக்கக்கூடியதை அங்கே அமர்ந்து படித்துப் பொழுதை இழப்பர். பின்னர் ஆவண அட்டவணையில், அதாவது ஒவ்வோர் ஆவணத்தையும் அடுக்கு எண்ணுடன் விவரிக்கும் பட்டியலில், உரிய எண்ணைக் கண்டறிந்து, ஆய்வு நோக்கத்தை விளக்கி நூலகத்துக்கு முன்கூட்டியே எழுதி, அனுமதி உறுதியான பிறகே பயணச்சீட்டு வாங்குவது நலம். ஆவண அறைகளில் பென்சிலால் மட்டுமே குறிப்பெடுப்பது பொது வழக்கம். இராமானுஜனின் இளமைக்கால நோட்டுகளின் மூலங்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருப்பதால், அவற்றுக்கான விண்ணப்பத்தை அங்கே தனியாக அளிக்க வேண்டும்.