காணாமல் போகும் பேஸ்

அன்புள்ள கதிருக்கு,

மாமா எழுதுகிறேன். நீ அனுப்பிய குரல்பதிவை இரண்டு தரம் கேட்டேன். டிக்கியில் பன்னிரண்டு இன்ச் சப்வூஃபர் வைத்தும் பாட்டில் அடி இல்லை, பெரிய ஆம்ப் வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கொஞ்சம் பொறு. இதில் எழுதியிருப்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்து பார்த்துவிட்டு முடிவு செய்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. வீட்டில் கிடக்கும் பழைய ஸ்பீக்கர் ஒன்றை வெறுமனே கையில் பிடித்துப் பாட வை. குரல் கேட்கும், பேஸ் கேட்காது. பெரிய அட்டை ஒன்றின் நடுவில், ஸ்பீக்கரில் அசையும் கூம்பான கோனின் அளவுக்கு வட்டம் வெட்டி, ஸ்பீக்கரை அதோடு ஒட்டிப் பிடி. அந்த நிமிடமே பேஸ் எழும்பும். ஆம்ப் அதேதான், வால்யூமும் அதேதான். கோன் முன்னே வரும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, பின்பக்கக் காற்று தளர்கிறது. நடுவில் தடுப்பு இல்லாவிட்டால் அழுந்திய காற்று விளிம்பைச் சுற்றிப் போய்த் தளர்ச்சியை நிரப்பிவிடுகிறது. இரண்டும் சரிக்குச் சரியாகிப் பேஸ் காணாமல் போகிறது.

காரிலும் இதுதான் நடக்கிறது. பேஸ் பிறக்காமல் இருப்பது குறைவு. பிறந்தபின் அழிவதுதான் அதிகம். அது அழியும் இடங்களைத்தான் நீ தேட வேண்டும்.

முதல் இடம், இடது வலது ஸ்பீக்கர்கள். ஒன்றின் கோன் வெளியே வரும்போது மற்றதன் கோன் உள்ளே போனால், ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும். சப்பை அணைத்துவிட்டு, கார் ஸ்டீரியோ செட்டில் பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் தள்ளிக் கேள். பிறகு நடுவுக்குக் கொண்டுவா. இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்தால் பேஸ் கூட வேண்டும். குறைந்தால் ஒன்றில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க, ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு ஒன்றரை வோல்ட் செல்லை நொடிப்பொழுது தொட்டுப் பார். செல்லின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கோன் வெளியே வரும். ட்வீட்டரில் மட்டும் இதைச் செய்யாதே, தாங்காமல் போகலாம்.

எனக்கு இந்தப் பாடத்தைக் கற்றுத்தந்தது என் முதல் கார். பேஸ் போதவில்லை என்று மாதக்கணக்கில் பேஸ் பூஸ்டை ஏற்றிக்கொண்டே போனேன். ஒரு நாள் கருகிய வாடை வந்தது, வலது கதவு ஸ்பீக்கர் போய்விட்டது. கதவின் பேடைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்பீக்கரில் அகலமாக ஒரு தகடும் ஒல்லியாக ஒரு தகடும் இருக்கும். பெரும்பாலும் அகலமானதுதான் பிளஸ். அகலத் தகட்டுக்குரிய கிளிப்பை யாரோ இடுக்கியால் நெரித்து ஒல்லித் தகட்டில் மாட்டியிருந்தார்கள். அந்த இடுக்கித் தழும்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கடையில் வாங்கும் செட்டோடு வரும் வயர்களில் பொதுவாக முன் இடது வெள்ளை, முன் வலது சாம்பல், பின் இடது பச்சை, பின் வலது ஊதா. கறுப்புக் கோடு உள்ளது மைனஸ். கார் கம்பெனி வயர்களுக்கு இந்த நிறக்கணக்கு பொருந்தாது. மாறிப்போவது அங்கேதான்.

இரண்டாவது இடம், சப்புக்கும் கதவு ஸ்பீக்கருக்கும் நடுவில். தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் லோ பாஸைச் சப்புக்கு 80 ஹெர்ட்ஸிலும், உயர்ந்த ஒலியை மட்டும் விடும் ஹை பாஸைக் கதவுகளுக்கு 80 ஹெர்ட்ஸிலும் வைத்துத் தொடங்கு. செட், ஆம்ப் இரண்டிலும் லோ பாஸ் போட்டிருந்தால் ஒன்றை எடுத்துவிடு. 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 4.3 மீட்டர். டிக்கியிலிருந்து வருவதும் கதவிலிருந்து வருவதும் உன் காதில் அரை அலை தள்ளிச் சேர்ந்தால் அந்தச் சுருதியில் பள்ளம் விழும். ஆம்ப்பில் 0, 180 என்று ஒரு ஃபேஸ் சுவிட்ச் இருக்கும். நீ டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கேள், நண்பனைச் சுவிட்சை மாற்றச் சொல். எதில் பேஸ் நிறைவாக வருகிறதோ அதுவே சரி. சப்பில் இரண்டு வாய்ஸ் காயில் இருந்தால் இரண்டும் ஒரே திசையில் இணைந்திருக்கிறதா பார். ஒன்று தலைகீழானால் கோன் அசையவே அசையாது.

மூன்றாவது இடம் கதவு. அட்டைச் சோதனையை இங்கே நினைத்துக்கொள். கதவின் உள்தகட்டில் பெரிய ஓட்டைகள் இருக்கும். அவற்றை மூடும் பிளாஸ்டிக் தாள் கிழிந்திருந்தால் பின்காற்று அதன் வழியே வந்து முன்காற்றோடு கலக்கும். ஓட்டைகளைப் பியூட்டைல் ஷீட் ஒட்டி மூடு, அடியில் மழைத்தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் விட்டுவிடு. ஸ்பீக்கர் வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவே ஃபோம் பட்டை வை.

இதெல்லாம் சரியாக இருந்தும் பேஸ் வராவிட்டால்தான் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் பொதுவாக 13.8 முதல் 14.4 வோல்ட் இருக்கும். பேஸ் உள்ள பாட்டை ஓடவிட்டு, பேட்டரியிலும் ஆம்ப்பின் முனைகளிலும் மல்டிமீட்டர் வைத்துப் பார். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயர் மெலிது, அல்லது எர்த் சரியில்லை. பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, எர்த் போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, தகடு பளிச்சென்று தெரிந்தபின் இறுக்கு.

பேஸ் பூஸ்டை நம்பாதே. 3 டெசிபல் ஏற்றினால் ஆம்ப்புக்கு இரண்டு மடங்கு பவர் வேண்டும். 12 டெசிபலுக்குப் பதினாறு மடங்கு. அதைத் தர முடியாதபோது ஆம்ப் ஒலியைச் சிதைக்கும், காயில் சூடேறும். என் ஸ்பீக்கர் கருகியது அப்படித்தான்.

கடைசியில் காதால் அள. பேஸ் கிட்டார் ஏறி இறங்கி நடக்கும் ஒரு இளையராஜா பாட்டைப் போடு. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுரமும் ஒரே பலத்தில் வர வேண்டும். ஒன்று மட்டும் முழங்கினால் ஈக்வலைசரில் அந்த இடத்தைக் குறை, மற்றவற்றை ஏற்றாதே.

முடித்ததும் எனக்கு மூன்று விஷயம் எழுது: எந்தக் கதவிலாவது வயர் மாறியிருந்ததா, ஃபேஸ் சுவிட்ச் எந்தப் பக்கம், ஆம்ப்பில் எத்தனை வோல்ட். அதற்குப் பிறகும் பேஸ் போதாவிட்டால் நானே உன்னோடு ஆம்ப் பார்க்க வருகிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மாமா