ஸ்குரூ நிற்கிறது, எலும்பு ஒட்டியதா?

கேள்வி: என் கணவருக்கு முதுகெலும்பில் ஸ்குரூ போட்டு 14 மாதம் ஆகிறது. எக்ஸ்ரே சரி என்கிறார்கள், வலி போகவில்லை. எலும்பு ஒட்டவில்லையோ?
– வாசகி, பென்டில் ஹில், சிட்னி

பதில்: சாதா எக்ஸ்ரேயை நம்பி முடிவுகட்ட முடியாது. மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான் மேல். மேல் முள்ளெலும்பிலிருந்து கீழ் முள்ளெலும்பு வரை எலும்பு விடுபடாமல் பாலம் போட்டிருக்கிறதா என்று அதில் பார்ப்பார்கள். குறுக்கே கறுப்புக் கோடு ஓடினால் சந்தேகம். ஸ்குரூவைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தால் ஸ்குரூ தளர்ந்திருக்கலாம்; கிருமித் தொற்றாலும் அப்படி ஆகலாம், ரத்தப் பரிசோதனை தேவைப்படும். ஸ்குரூக்களை இணைக்கும் கம்பி உடைந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரேயில் அசைவு தெரியலாம். ஆனால் ஸ்குரூ இறுகப் பிடித்திருந்தால், ஒட்டாத எலும்பும் அசையாமல் ஏமாற்றிவிடும்!

ஓராண்டுக்குள் தீர்ப்புச் சொல்வது அவசரம். அந்தக் கெடு உங்களுக்குத் தாண்டிவிட்டது. ஒட்டாத எல்லோருக்கும் வலிப்பதில்லை, வலிக்கிற எல்லோருக்கும் ஒட்டாமல் போயிருப்பதுமில்லை. ஆகவே, ஸ்கேனை மட்டும் வைத்து மறு ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வேண்டாம். ஜி.பி.யிடம் ரெஃபரல் வாங்கி, பழைய படங்களுடன் இன்னொரு நிபுணரையும் பாருங்கள். உங்கள் கணவர் சிகரெட் பிடிப்பவரா? புகை எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும். புகைப்பதை நிறுத்த உதவும் குவிட்லைன் எண் 13 7848. இன்றே பேசச் சொல்லுங்கள்.