கணிப்பொறியில் ஓர் ஒலிச் சேவகன்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

கணிப்பொறியில் பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கிறது. அதே வேளையில் கடிதம் வந்ததென்று மணியும் அடிக்கிறது. ஒலி அட்டையோ ஒன்றே ஒன்றுதான். இரண்டும் எவ்வாறு ஒன்றாய்க் கலந்து வெளிவருகின்றன? திரையில் முகம் காட்டாமல் பின்னணியில் உழைக்கும் ஒரு சேவகனே இதற்குக் காரணம். அவனை ஒலிச் சேவையகம் என்பர்.

என் தந்தையார் திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டும் தொழிலாளி. மேடையில் நான்கு மைக்குகள் இருந்தாலும் எல்லாம் ஒரே மிக்சருக்கு வந்து, பிறகே ஒலிபெருக்கிக்குச் செல்லும். கணிப்பொறியில் அந்த மிக்சரின் வேலையைச் செய்வதே இச்சேவையகம். லினக்ஸ் கணிப்பொறிகளில் பல ஆண்டுகள் இப்பணியை ஆற்றியது பல்ஸ்ஆடியோ. 2007-இல் வந்த ஃபெடோரா 8-இலும், 2008-இல் வந்த உபுண்டு 8.04-இலும் அது இயல்பாகவே இடம்பெற்றது.

அச்சேவகனுக்குக் கட்டளையிடும் கோப்புகளில் முக்கியமானவை இரண்டு. ‘டீமன்.கான்ஃப்’ என்பது அவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கூறும். நொடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் (இயல்பளவு 44,100), எவரும் பயன்படுத்தாவிடில் எத்தனை நொடியில் விடைபெறுவது (இயல்பளவு 20) என்பன அதில் உள்ளன. ‘டிஃபால்ட்.பிஏ’ என்பது எழுந்தவுடன் எந்தெந்தத் துணை உறுப்புகளை ஏற்ற வேண்டும் என்று வரிசையாய்க் கூறும்.

இவற்றை நான் ஏட்டில் படித்துக் கற்கவில்லை. எங்கள் விடுதியில் பார்வையற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். தமிழ் இலக்கியம் மூன்றாமாண்டு பயில்கிறார். அரசுப் பணித் தேர்வுக்குரிய குறிப்புகளை, உபுண்டு 20.04 உள்ள ஒரு பழைய கணிப்பொறியில், ஓர்கா என்னும் திரைவாசிப்பான் மூலம் வரிவரியாகக் கேட்டுப் படிப்பார். ஒருநாள் என்னை அழைத்தார்.

“தம்பி, இது உலோகமா, அலோகமா? ரெண்டுமே எனக்கு லோகம்னுதான் கேக்குது.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தேர்வுக்கு மூன்று வாரமே இருந்தது.

முதலில் ‘டீமன்.கான்ஃப்’ கோப்பில் எண்களை மாற்றினேன். பயனில்லை. அங்கே வரியின் தொடக்கத்தில் அரைப்புள்ளி இருந்தால் அது வெறும் குறிப்பு. அதனை நீக்கினாலொழிய சேவகன் அவ்வரியைக் கருதமாட்டான். இது என் முதல் பாடம்.

பிறகு கவனித்தேன். அவர் வேகமாக வரி மாற்றினால் சொல் முழுதாய்க் கேட்டது; நின்று யோசித்துவிட்டு மாற்றினால் மட்டுமே முதல் எழுத்து விழுங்கப்பட்டது. தந்தையாரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். “பேச்சுக்கு நடுவுல ஆம்ப்ளிஃபயரை அணைக்கக் கூடாதுப்பா. திரும்பப் போட்டா முதல் வார்த்தை போயிடும்” என்றார். அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர்.

உண்மையும் அதுவே. ‘மாட்யூல்-சஸ்பெண்ட்-ஆன்-ஐடில்’ என்னும் உறுப்பு, ஐந்து நொடி ஒலி இல்லாவிடில் மின்சாரத்தை மிச்சப்படுத்த ஒலி அட்டையை உறங்கவைக்கிறது. அட்டை விழித்தெழுவதற்குள் முதல் எழுத்து போய்விடுகிறது.

அவர் இல்லக் கோப்புறையில் புதிய ‘டிஃபால்ட்.பிஏ’ ஒன்றை உண்டாக்கி, அந்த ஒரு வரியை மட்டும் குறிப்பாக்கி எழுதினேன். ஒலி அடியோடு நின்றது! நமக்குத் திரை இருண்டால் எப்படியோ, அவருக்கு அந்த அமைதி அப்படி. “தம்பி, இருக்கியா?” என்று கேட்டார். பயனருடைய கோப்பு இருந்தால் சேவகன் பொதுக் கோப்பைப் படிப்பதே இல்லை; என் கோப்பில் ஏற்றுவதற்கு ஒரு உறுப்பும் இல்லாததால் அவன் எழவே மறுத்துவிட்டான். இது இரண்டாம் பாடம்.

ஆகவே சரியான முறை இது:

1. பொதுக் கோப்பை முழுவதுமாகப் படியெடுத்து, இல்லக் கோப்புறையில் ‘.கான்ஃபிக்’ என்பதனுள் ‘பல்ஸ்’ என்னும் இடத்தில் வைக்க வேண்டும்.
2. படியில் அந்த உறுப்பை ஏற்றும் வரியின் முன் ஹேஷ் குறி இட வேண்டும்.
3. ‘பல்ஸ்ஆடியோ’ என்று தட்டி, இடைவெளி விட்டு, சிறுகோடும் ‘கே’ எழுத்தும் இட்டால் சேவகன் நிற்பான். அடுத்த ஒலி கேட்கப்படும்போது புதிய கட்டளைகளோடு எழுவான்.

மின்சாரம் சற்றுக் கூடுதலாகச் செலவாகும் என்பதையும் மறைக்கலாகாது. ஃபெடோரா 34 (2021), உபுண்டு 22.10 (2022) முதலாகப் பைப்வயர் என்னும் புதியவன் இவ்விடத்துக்கு வந்துவிட்டான். அவனுக்குத் துணைநிற்கும் வயர்ப்ளம்பரிலும் இதே ஐந்து நொடி உறக்கம் உண்டு. அந்த எண்ணைச் சுழியாக்கினால் உறங்கமாட்டான்.

அன்றிரவு அண்ணன் ஒரு வரியில் நின்று நெடுநேரம் யோசித்தார். பிறகு விசையை அழுத்தினார். “அலோகம்” என்றது கணிப்பொறி. “வந்துடுச்சு தம்பி” என்றார்.

நண்பர்களே! மின்சாரத்தை மிச்சப்படுத்த எவரோ நல்லெண்ணத்தோடு வைத்த ஐந்து நொடி, கேட்டே படிக்கும் ஒருவருக்குத் தடையாயிற்று. இயல்பளவு என்பது எல்லோருக்கும் ஏற்ற அளவன்று. கோப்பைத் திறந்து பார்க்க அஞ்சாதீர்கள். திறக்குமுன் ஒரு படியெடுத்துக்கொள்ள மறவாதீர்கள்.