மீன்குஞ்சின் எலும்பும் சாயமும்

திருப்பூர்ப் பக்கத்தார்க்குச் சாயம் என்றவுடன் நூலும் பனியனும் நினைவிற்கு வருதல் இயல்பே. ஆயினும் துணிக்குரிய சாயங்களுள் இரண்டு, ஓரங்குலமும் நிரம்பாத மீன்குஞ்சின் எலும்புக்கூட்டை அறுவையின்றியே நமக்குக் காட்டவல்லன.

முதலாவது அலிஸரின் என்னும் செஞ்சாயம். இது நம் நாட்டுச் சாயவேரிலும், ஐரோப்பாவில் பயிரான மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலும் உள்ளது. அவ்வைரோப்பிய வேரைத் தின்ற பிராணிகளின் எலும்பு சிவத்தலை 1736-ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியர் ஜான் பெல்சியர் எடுத்துரைத்தார். 1868-இல் கிரேபே, லீபர்மன் என்னும் ஜெர்மானிய இரசாயனிகள் அச்சாயத்தைச் செயற்கையாய் ஆக்கினர். பருத்தியில் அது பற்றுதற்குப் படிகாரம் வேண்டும். எலும்பிலோ அதன் சுண்ணச்சத்தே அவ்வேலையைச் செய்கின்றது. இரண்டாவது அல்சியன் நீலம். 1940-களில் இங்கிலாந்தில் துணிக்கென ஆக்கப்பெற்ற இது, குருத்தெலும்பிலுள்ள அமிலத்தன்மை வாய்ந்த சர்க்கரைப் பொருள்களைப் பற்றும்.

முறை வருமாறு: மயக்கி உயிர்நீக்கிய குஞ்சைப் பார்மலினில் இட்டுப் பதப்படுத்துக. பின்னர் அமிலம் கலந்த ஆல்ககாலில் கரைத்த நீலத்தை ஏற்றுக. டிரிப்ஸின் என்னும் செரிப்புப் பொருளால் தசையைத் தெளிவாக்கி, பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு நீரில் கரைத்த செஞ்சாயத்தை ஏற்றுக. ஹைட்ரஜன் பெராக்ஸைடால் தோலின் கருநிறத்தைப் போக்கிக் கிளிசரினிற் சேர்த்து வைக்க. உடல் பளிங்குபோலாக, குருத்தெலும்பு நீலமாயும் எலும்பு சிவப்பாயும் விளங்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. நீலக் கரைசலின் அமிலம் இளங்குஞ்சின் சுண்ணச்சத்தைக் கரைத்துவிடும். அப்பொழுது உண்டான எலும்பும் உண்டாகாததுபோல் தோன்றும். இக்குறை நீங்க, அமிலத்திற்கு மாறாக மெக்னீசியம் குளோரைடு சேர்க்கும் முறையை 2007-இல் வாக்கரும் கிம்மலும் வெளியிட்டனர். மேலும், எல்லா எலும்பும் குருத்தெலும்பினின்று உண்டாவதன்று. 1822-இல் ஹாமில்டன் விவரித்த நம் நாட்டு வரிக்குதிரை மீனில், செவுள்மூடி எலும்பு நீலநிலையைக் கடவாமலே சிவந்து தோன்றும்.

இப்பயிற்சி இவ்வூர்க்கு வெறும் ஏட்டுக்கல்வியன்று. சாயக்கழிவு நொய்யலிற் கலந்து, 1992-இல் முடிவுற்ற ஒரத்துப்பாளையம் அணையின் நீரைக் கெடுத்தது. கழிவுநீரை வெளிவிடாத நிலையை எய்தாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. நீரின் கேடு முதுகெலும்பின் கோணலாகவும் வெளிப்படலாம். எனினும் கோணல் பரம்பரையாலும் உணவுக்குறையாலும் நேரும். ஆதலின் நன்னீரில் வளர்ந்த அதே வயதும் இனமுமான குஞ்சுகளோடு ஒப்பிட்டன்றி நீரின்மேல் குற்றம் சாட்டலாகாது. ஆற்றைக் கெடுத்த தொழிலின் சாயமே ஆற்றின் நலத்தை ஆராயவும் கருவியாதல் மாணவர் சிந்திக்கற்பாலது.