கம்பி போட்ட பல்லும் வலி மாத்திரையும்

நம்ம பள்ளியிலேயே இப்போ ரெண்டு மூணு பேர் பல்லுக்குக் கம்பி போட்டிருக்காங்க. என் பெரியம்மா மகள் அக்காவும் போட்டிருக்காங்க. கம்பியை இறுக்கிவிட்ட மறுநாள் அக்காவால் இட்லியைக் கூட மெல்ல முடியவில்லை. கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டார்கள், வலி நின்றது. அப்புறம் அதுவே பழக்கமாகி, தலைவலி, பல்வலி எதுவானாலும் தினமும் ஒண்ணு. ரெண்டு மாசம் கழித்துப் பல் டாக்டர் பார்த்துவிட்டு, "நினைச்ச அளவு நகரலையே, ஏதாவது மாத்திரை சாப்பிடுறியாம்மா?" என்று கேட்டாராம். அக்கா முழித்தார்கள். எனக்கும் புரியவில்லை. மாத்திரை வயிற்றுக்குத்தானே போகுது? பல் எதுக்கு நிற்கணும்?

அறிவியல் டீச்சரிடம் கேட்டும் நூலகத்தில் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பல், சுவரில் அடித்த ஆணி மாதிரி எலும்பில் இறுகி இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அது தப்பு. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்ப்படலம் ஒன்று உண்டு. கம்பி பல்லைத் தள்ளும்போது, முன்பக்கம் அந்த நார் நசுங்கும், பின்பக்கம் இழுபடும். நசுங்குகிற பக்கம் ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் வந்து எலும்பைக் கரைக்கும். இழுபடுகிற பக்கம் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புது எலும்பு கட்டும். சிலர் பக்கத்து வயலுக்குள் வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார்களே, ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் மண் அணைத்து? அதே வேலைதான்! மாசத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் நகரும். அதனால்தான் ஒன்றரை, ரெண்டு வருஷம் ஆகிறது.

நார் நசுங்கினதும் அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. எலும்பைக் கரைக்கிற செல்களைக் கூப்பிடுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வலியை உண்டாக்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மாத்திரைகள் அந்தப் பொருள் சுரப்பதையே குறைக்கின்றன. வலி குறையும், கூடவே பல் நகர்வதும் மெதுவாகலாம். ஆஸ்பிரின் 1899 முதல் விற்பனையில் இருந்தும், அது எப்படி வேலை செய்கிறது என்பதை 1971-இல்தான் ஜான் வேன் என்பவர் கண்டுபிடித்தார். 1982-இல் நோபல் பரிசை மற்ற இருவரோடு பகிர்ந்துகொண்டார்.

உடனே பயந்துடாதீங்க. இந்தச் சோதனைகளில் நிறைய எலிகளிடம் செய்தவை. ஒண்ணு ரெண்டு நாள் போட்டால் பெரிய கெடுதல் இல்லை, மாசக்கணக்கில் தினமும் போடுவதுதான் பிரச்சினை. பாராசிட்டமால் பல்லுக்குப் பக்கத்தில் சுரக்கும் அந்தப் பொருளை அவ்வளவாகத் தடுப்பதில்லை. அதனால் கம்பி வலிக்கு டாக்டர்கள் பலர் அதைத்தான் சொல்கிறார்கள். அதுவும் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும்.

அடுத்ததைச் சுவரில் எழுதலாமா என்று யோசித்தேன். டீச்சர் "எழுது" என்றார்கள். பெண்களுக்கு மாதாமாதம் வரும் வயிற்றுவலிக்குப் போடும் மெஃபனமிக் அமிலமும் இதே வகை மாத்திரைதான். அக்கா அதையும் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெட்கப்பட்டு டாக்டரிடம் சொல்லவே இல்லை!

பெரியவர்களும் இப்போ கம்பி போடுகிறார்கள். எலும்புத் தேய்மானத்துக்குத் தரும் அலெண்ட்ரோனேட், எலும்பைக் கரைக்கும் செல்களையே அடக்கிவிடும். மாத்திரையை நிறுத்தினாலும் மருந்து எலும்பில் வருஷக்கணக்கில் தங்கும். வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின் சிலருக்கு ஈறை வீங்க வைக்கும், கம்பிக்கு நடுவில் பல் துலக்குவது கஷ்டமாகிவிடும். ஆனால் வலிப்பு மாத்திரையைப் பல்லுக்காக யாரும் தானாக நிறுத்தவே கூடாது, உயிருக்கே ஆபத்து. தைராய்டு, ஸ்டீராய்டு மாத்திரைகளும் எலும்பின் வேலையை மாற்றக்கூடியவை. அவற்றையும் பல் டாக்டரிடம் சொல்லணும்.

அக்காவுக்குத் தினசரி மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். இறுக்கின பிறகு முதல் ரெண்டு மூணு நாள்தான் வலி அதிகம், அப்போ இட்லியைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிடுகிறார்கள். டாக்டரிடம் போகும்போது வீட்டில் போடுகிற மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

— 9-ஆம் வகுப்பு மாணவி