மாடித்தோட்டத்தில் விளைந்த விளம்பரக் காசு

கூகுளிலிருந்து வந்த அந்தச் சின்ன அட்டையை ஏதோ கடை நோட்டீஸ் என்று நினைத்து, என் மாமியார் அதன்மேல் வெண்டை விதைகளைக் காயப்போட்டிருந்தார். இரண்டு நாள் கழித்துத்தான் நான் கவனித்தேன். உள்ளே ஆறு இலக்க எண் ஒன்று. வலைப்பூவில் வரும் விளம்பரக் கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும், எழுதுகிறவர் சொன்ன முகவரியில்தான் இருக்கிறாரா என்று பார்க்கத் தபாலில் இந்த எண்ணை அனுப்புவார்கள். அதைக் கணக்கில் ஏற்றினால்தான் பணம் கைக்கு வரும். கடைசி எண் 3-ஆ 8-ஆ என்று தெரியாமல் விதைக்கறை படிந்திருந்தது. இரண்டையும் போட்டுப் பார்த்தேன். 8.

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நான்கு தக்காளிச் செடியும் ஒரு முருங்கையும் வைத்துக்கொண்டு 2014-இல் எழுத ஆரம்பித்தவள் நான். அப்போது காசு வரும் என்ற நினைப்பே கிடையாது. கூகுளின் விளம்பரத் திட்டமான ஆட்சென்ஸில் தமிழ்ப் பக்கங்களுக்கு அனுமதி 2018 பிப்ரவரியில்தான் வந்தது. அதற்கு முன்பு ஆங்கிலத்தில் பேருக்கு ஒரு வலைப்பூ நடத்தி, அதற்கு வாங்கிய அனுமதியைத் தமிழ்ப் பக்கத்தில் மாட்டி ஓட்டியவர்கள் உண்டு. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. அனுமதி வந்தபின் விண்ணப்பித்து, முதல் 100 டாலர் சேரப் பதின்மூன்று மாதம் ஆயிற்று. நூறு சேராமல் அவர்கள் அனுப்ப மாட்டார்கள். மாதம் 21-க்கும் 26-க்கும் இடையில் பணம் கிளம்பும் என்பது இப்போது எனக்குப் பால்காரர் கணக்கு மாதிரி மனப்பாடம்.

“பிளாக் எழுதினால் எவ்வளவு வரும்?” என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். விளம்பரக் காசை மட்டும் நம்பினால், எனக்கு வருவது வீட்டு இன்டர்நெட்டுக்கும் உரத்துக்கும் சரியாகப் போகிறது. நல்ல மாதமென்றால் ஒரு புடவை. விளம்பரதாரர் கொடுப்பதில் ஏறக்குறைய 68 சதவீதம் நமக்குத்தான் வருகிறது, பங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் கொடுப்பதே சில்லறை என்பதுதான் விஷயம். தமிழ்ப் பக்கத்துக்கு ஏலம் கேட்க வரும் கம்பெனிகள் குறைவு. சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருந்து படிப்பவர்கள் என் வாசகர்களில் கொஞ்சம் பேர்தான், ஆனாலும் வருமானத்தில் அவர்கள் பங்கு பெரிது. விளம்பரத்தின் விலையைப் படிப்பவர் இருக்கும் ஊர் தீர்மானிக்கிறது. பால்கனியில் கறிவேப்பிலை வளர்ப்பது எப்படி என்று நான் எழுதியதெல்லாம் அவர்களை நினைத்துத்தான். குளிர்நாட்டில் கறிவேப்பிலை படும் பாட்டைக் கனடாக்காரர்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இன்னொரு வேடிக்கை பருவம். எனக்குக் கூட்டம் வருவது ஆடிப்பட்டத்தில். ஆனி கடைசியிலிருந்தே “என்ன விதைக்கலாம்” என்று தேடி வருவார்கள். விளம்பரம் கொடுக்கிறவர்கள் காசை அள்ளி வீசுவதோ தீபாவளியை ஒட்டி, ஐப்பசியில். அப்போது எங்கள் பக்கம் மழை, மாடிக்கு யாரும் போவதில்லை. ஜனவரி பிறந்ததும் விளம்பர விலை சட்டென்று விழும். முதல் வருடம் அதைப் பார்த்து என் எழுத்தில்தான் ஏதோ கோளாறு என்று பத்து நாள் தூக்கமில்லாமல் கிடந்தேன். புதிதாக வருபவர்கள் ஜனவரிக் கணக்கைப் பார்த்துக் கடையை மூடிவிடாதீர்கள்.

பேராசையில் செய்த தவறு ஒன்று உண்டு. ஒரு பதிவில் ஏழு விளம்பரம் வைத்தேன். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் எத்தனை மில்லி என்று தேடி வந்த ஒரு பெண், நாலு கடன் விளம்பரத்தையும் ஒரு ஜாதக விளம்பரத்தையும் தாண்டித்தான் அந்த வரிக்கு வர முடிந்தது. “அக்கா, அளவைப் பார்க்கறதுக்குள்ள பூச்சி செடியைத் தின்னு முடிச்சிருச்சுங்க” என்று எழுதினார். அன்றைக்கே மூன்றாகக் குறைத்தேன். ஆட்சென்ஸ் கணக்கிலேயே சில வகை விளம்பரங்களைத் தடுக்க வழி இருக்கிறது. ஜோதிடம், குறுக்குவழிப் பணம், உடல் இளைப்பு மூன்றையும் அடைத்துவிட்டேன். வருமானம் கொஞ்சம் குறைந்ததுதான்.

பாசத்தால் வந்த விபத்து ஒன்றும் உண்டு. என் கொழுந்தனார் நல்ல மனுஷன். “அண்ணிக்கு உதவி” என்று தினமும் இரவு உட்கார்ந்து என் பக்கத்து விளம்பரங்களை வரிசையாகத் தட்டியிருக்கிறார். போதாக்குறைக்கு அலுவலக நண்பர்களிடமும் சொல்லியிருக்கிறார். தானே தட்டுவதும் தெரிந்தவர்களைத் தட்டச் சொல்வதும் விதிப்படி குற்றம். கண்டுபிடிக்க அவர்களுக்கு நெடுநாள் ஆகவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் என் பக்கத்தில் விளம்பரம் பெயருக்குத்தான் தெரிந்தது. கணக்கே போயிருக்கும், தப்பியது அதிர்ஷ்டம். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு, “என் பதிவைப் படிங்க, விளம்பரத்தைத் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டேன். படிப்பதும் அத்தோடு நின்றுபோனது.

இனி ஸ்பான்சர் பதிவு. காசும் தலைவலியும் சேர்ந்து வருவது இங்கேதான்.

மெயிலில் வருபவர்களில் பாதிப்பேர் பதிவையே படிக்காதவர்கள். “உங்கள் அருமையான தளத்தில் எங்கள் கட்டுரையைப் போடுங்கள், இத்தனை டாலர் தருகிறோம்” என்பார்கள். கட்டுரை செடியைப் பற்றியதாகவே இருக்கும். நடுவில் எங்கோ சூதாட்டத் தளம் ஒன்றுக்கு இணைப்பு ஒளிந்திருக்கும். அந்த இணைப்பு ‘டூஃபாலோ’வாக, அதாவது தேடுபொறி கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும், ஸ்பான்சர் என்று எங்கும் போடக் கூடாது என்பது நிபந்தனை. அவர்களுக்கு வேண்டியது நம் வாசகரே இல்லை. நம் பக்கத்துக்குத் தேடுபொறியில் இருக்கும் மரியாதையில் ஒரு துண்டு வேண்டும், அவ்வளவுதான். காசு வாங்கிப் போட்ட இணைப்பை அப்படி என்று குறித்துக் காட்டத்தான் 2019-இல் கூகுள் ‘ஸ்பான்சர்டு’ என்ற தனிக் குறிச்சொல்லையே கொண்டுவந்தது. பழைய ‘நோஃபாலோ’வும் செல்லும். இரண்டும் வேண்டாம் என்பவருக்கு நான் பதில் போடுவதில்லை. சூதாட்டத்துக்கு இப்போது சட்டமே குறுக்கே நிற்கிறது. காசு வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரங்களையும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம் தடை செய்கிறது.

அடுத்து இலவசப் பொருள் கோஷ்டி. ஒரு வளர்ப்புப் பை கம்பெனி 2020-இல் எனக்கு முப்பது பையும் கொஞ்சம் பணமும் அனுப்பியது. பச்சை நிறம், பார்க்க அழகு, கைப்பிடியெல்லாம் வைத்துத் தைத்தது. மாசியில் வந்தது. பத்தே நாளில் எழுதச் சொன்னார்கள், எழுதினேன். “வெயில் தாங்கும், மூன்று வருடம் உழைக்கும்” என்று அவர்கள் அட்டையில் இருந்ததை அப்படியே என் வாக்கியமாக மாற்றி எழுதினேன். ஒரு சித்திரையைக்கூட அந்தப் பை பார்த்திருக்கவில்லை, அது எப்படி எனக்குத் தெரியும்? வைகாசியில் ஒரு கத்தரிப் பையைத் தூக்கினேன். கைப்பிடி கையோடு வந்தது, பை அப்பளம் மாதிரி நொறுங்கியது. அதே வாரம் ஒரு வாசகி படம் அனுப்பினார். மாடி முழுக்க மண்ணும் வேரும். “உங்க பேச்சை நம்பித்தான் அக்கா இருபது பை வாங்கினேன்.” புற ஊதாக் கதிரைத் தாங்கும் பக்குவம் செய்யாத பிளாஸ்டிக்குக்கு எங்கள் ஊர் வெயிலில் ஆயுள் அவ்வளவுதான். பை விஷயத்தில் ஆறு வருட அனுபவம் இருந்தவளுக்கு அது தெரியாமலா போயிற்று? பணம் வந்ததும் கேட்கத் தோன்றவில்லை.

அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை. மேலே நொறுங்கிய பையின் படத்தைப் போட்டு, நடந்ததை எழுதி, வாங்கிய பணத்தைத் திருப்பி அனுப்பினேன். கம்பெனிக்காரர் போனில், “இப்படிப் பண்ணினா உங்களுக்கு யாருமே விளம்பரம் தர மாட்டாங்க” என்றார். எட்டு மாதம் அவர் சொன்னதுதான் நடந்தது.

அதிலிருந்து எனக்கு ஒரே விதி. மாடியில் வைக்கும் எந்தப் பொருளாக இருந்தாலும் ஒரு கோடையைக் கடந்தால்தான் அதைப் பற்றி எழுதுவேன். உரமென்றால் ஒரு காய்ப்பு முடியணும். “அடுத்த வாரமே பதிவு வேணும்” என்பவரிடம், “பக்கத்தில் விளம்பரக் கட்டம் இருக்கு, அதில் உங்க படத்தைப் போட்டுக்கங்க, நான் ஒரு வார்த்தை எழுத மாட்டேன்” என்கிறேன். சிலர் ஒப்புக்கொள்கிறார்கள்.

இன்சுலின் செடி வளர்ப்பு பற்றி எழுதியதுதான் என் பக்கத்திலேயே அதிகம் பேர் படித்தது. மண், தண்ணீர், நிழல், அவ்வளவுதான் அதில் இருந்தது. அதைப் பார்த்து ஒருவர் சர்க்கரை நோயை ‘வேரோடு’ தீர்க்கும் பொடிக்குப் பதிவு கேட்டு வந்தார். அதுவரை எனக்கு யாரும் சொல்லாத தொகை. மனசு ஆடியது, பொய் சொல்லவில்லை. சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று மருந்து விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர்தான் சொன்னார். தவறான விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தவர்மீதும் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் போட 2019-இன் நுகர்வோர் சட்டத்தில் இடமுண்டு என்பதைப் பிறகு நானே தேடிப் படித்தேன். எழுதுகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. தங்களை யார் பார்க்கப்போகிறார்கள் என்ற நினைப்பு.

காசு வாங்கிய பதிவென்றால் முதல் வரிக்கு மேலேயே ‘விளம்பரம்’ என்று தமிழில் போடுகிறேன். இப்படிக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-இல் வழிகாட்டு விதி கொண்டுவந்தது, 2023 ஜனவரியில் மத்திய அரசும் வெளியிட்டது. இலவசமாகப் பொருள் வாங்கியிருந்தாலும் சொல்லியாக வேண்டும். போட்டால் படிக்க மாட்டார்கள் என்று பயந்தேன். படிக்கிறார்கள். கேள்விதான் கூடுதலாகக் கேட்கிறார்கள், அதைக் கம்பெனிக்கு அனுப்பி வைக்கிறேன்.

பணம் பேசுவதில் நான் ரொம்பக் கூச்சப்பட்டவள். “உங்களுக்கு நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும்” என்று சொல்லி ஓசியில் எழுதவைத்தவர்கள் நாலு பேராவது இருப்பார்கள். ஒரு ஏஜென்சி பதிவைப் போட்டபின் ஏழு மாதம் இழுத்தடித்தது. இப்போது எல்லாம் மெயிலில். என்ன தொகை, எத்தனை திருத்தம், பதிவு எத்தனை நாள் இருக்கும், பணம் எந்தத் தேதிக்குள் என்று எழுதி வாங்கிவிட்டு, பாதியை முன்பணமாக வாங்குகிறேன். திருத்தம் இரண்டுக்கு மேல் கிடையாது. எழுதி முடித்ததைக் கம்பெனிக்குக் காட்டுவேன், தகவல் பிழை இருந்தால் திருத்துவேன். குறை சொன்ன வரியை எடுக்கச் சொன்னால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இதுவரை இரண்டு முறை கொடுத்திருக்கிறேன்.

கம்பெனிகள் பெரும்பாலும் வரி பிடித்துக்கொண்டுதான் பணம் கொடுப்பார்கள். பிடித்த பணம் உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று 26ஏஎஸ் படிவத்தைப் பாருங்கள், ஏறாத கதை எனக்கு உண்டு. இலவசப் பொருளும் வருமானம்தான். ஒரே கம்பெனி ஒரு நிதியாண்டில் கொடுத்த பொருளின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் அதற்கும் 10 சதவீதம் வரிப் பிடித்தம் என்பது 2022 ஜூலை 1 முதல் இருக்கிறது. சொட்டுநீர்க் கருவி ஒன்றைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

எனக்குக் கடைசியில் கைகொடுத்தது யாரும் பெரிதாகப் பேசாத வழி, நேரடி விளம்பரம். ஜூலையில் கொடிசியா வளாகத்தில் நடக்கும் விவசாயக் கண்காட்சிக்கு நோட்டும் பேனாவுமாகப் போவேன். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார்க்கட்டி செய்பவர், நாட்டு விதை சேகரிப்பவர், சிறு நாற்றுப் பண்ணைக்காரர் என்று நிறையப் பேர் கடை போட்டிருப்பார்கள். பெரிய விளம்பரத்துக்கு அவர்களிடம் காசில்லை, ஆனால் என் வாசகர்தான் அவர்கள் வாடிக்கையாளர். மாதம் இவ்வளவு என்று பேசி ஒரு கட்டம் கொடுக்கிறேன். நடுவில் யாரும் இல்லை. ஒரு நார்க்கட்டிக்காரர் ஐந்தாவது வருடமாக இருக்கிறார். போன வருடம் அவர் கட்டியில் உப்பு கூடுதலாக இருந்ததால் நாற்று கருகியது என்று எழுதினேன். விளம்பரத்தை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். நல்ல தண்ணீரில் இன்னொரு முறை அலசத் தொட்டி கட்டிவிட்டு, “வந்து பார்த்துட்டு அதையும் எழுதுங்கம்மா” என்று கூப்பிட்டார்.

இப்போதெல்லாம் தேடுபொறியே பதிலைச் சொல்லிவிடுவதால் வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். தக்காளிக்கு எத்தனை நாளுக்கொரு முறை தண்ணீர் என்று கேட்டு யாரும் என்னிடம் வருவதில்லை. எந்தப் பை எத்தனை மாதத்தில் கிழிந்தது என்று கேட்டு வருகிறார்கள். விளம்பரக் காசு சுருங்கிவிட்டது, கட்டத்துக்கு ஆள் இருக்கிறது.

இந்தத் தையில் ஒரு பை வியாபாரி ஆறு பை அனுப்பி, ஆடிப்பட்டத்துக்குப் பதிவு வேண்டும் என்றார். ஆறையும் மண் நிரப்பி, நிழலே விழாத தெற்கு மூலையில் வைத்திருக்கிறேன். வைகாசி முடிந்ததும் பதில் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.